நான்கு யோகிகளும் ஓர் ஒலிவாங்கியும்

ஞாயிற்றுக்கிழமைகளிற் பிற்பகல் மூன்று மணிக்கு மேல் சாட்டிக் கடற்கரைக்கு வந்து சேரும் பஸ் வண்டிகளை எண்ணுவது எங்கள் ஊர்ச் சிறுவர்களுக்கு ஒரு விளையாட்டு. மாத்தறை, கேகாலை, குருநாகல், அம்பாந்தோட்டை என்று அவ்வண்டிகள் புறப்பட்ட ஊர்களின் பெயர்களை, சிங்கள எழுத்தைக் கூட்டிக் கூட்டி வாசித்து, எந்த ஊர் வண்டி அதிகம் வந்தது என்று பந்தயம் பிடிப்பார்கள். 2009 ஆம் ஆண்டிற் போர் முடிந்த பின்னர் தொடங்கிய வருகை இது. குறிகட்டுவான் துறையில் வள்ளம் ஏறி, நயினாதீவில் நாகதீப விகாரையையும் நாகபூஷணி அம்மன் கோயிலையும் தரிசித்துத் திரும்புகிற அந்த யாத்திரிகர்கள், வழியிலே எங்கள் கடலிற் சற்று நேரம் குளித்து, சோற்றுப் பொதியை அவிழ்த்து உண்டு, மீண்டும் வண்டியேறி மறைந்து விடுவார்கள். அவர்கள் எங்களைப் பார்ப்பார்கள். நாங்கள் அவர்களைப் பார்ப்போம். அவ்வளவுதான்.

"இவர்கள் என்னத்தைக் கண்டு போகிறார்கள்?" என்று பல முறை நான் குறைபட்டதுண்டு. நின்ற இடத்தின் பெயர்தானும் தெரியாமல் இருநூறு மைல் வந்து இருநூறு மைல் திரும்புவது என்ன பிரயாணம் என்று, கல்லூரி ஆசிரியனுக்கு இயல்பான கர்வத்தோடு நண்பர்களிடம் பேசியிருக்கிறேன். கடந்த விடுமுறையில் எங்கள் தீவிலிருந்து 35 பேர் ஒரு வண்டியை அமர்த்திக்கொண்டு தெற்கே போனபோது, அந்தக் கேள்வி என்னை நோக்கியே திரும்பிற்று.

ஒரு வழிகாட்டியின் பின்னே கூட்டமாகச் செல்வது இக்காலத்து நூதனம் என்று எண்ணுவோர் உளர். ஆங்கிலேயரான தோமஸ் குக் என்பவர் 1841 ஆம் ஆண்டு ஜூலை மாதம் 5 ஆம் திகதி, மதுவிலக்குக் கூட்டமொன்றுக்காகச் சுமார் 500 பேரைத் தலைக்கு ஒரு சிலிங் கட்டணத்தில் லெஸ்ரரிலிருந்து லவ்பரோ நகருக்குப் புகைவண்டியில் அழைத்துச் சென்றதையே இதன் தொடக்கமாகச் சொல்வார்கள். வியாபார முறையில் அது தொடக்கமாயிருக்கலாம். ஆனால் வழிகாட்டிகளோடு கூடிய ஒரு குழு, இந்த இலங்கையின் நகரங்களையும் கோயில்களையும் காடுகளையும் சுற்றி வந்த கதை அதற்கு ஏறக்குறைய ஐந்நூறு ஆண்டுகளுக்கு முன்னரே எழுதப்பட்டிருக்கிறது. அக்குழுவை ஒழுங்கு செய்து அனுப்பியவன் யாழ்ப்பாணத்து அரசன் என்பது நம் மாணவருட் பலர் அறியாத செய்தி.

மொரொக்கோ நாட்டிலிருந்து புறப்பட்டு உலகத்தின் பெரும்பகுதியைச் சுற்றிய இப்னு பதூதா, 1344 ஆம் ஆண்டில் மாலைதீவிலிருந்து வரும் வழியில் காற்றினால் அடிபட்டுப் புத்தளக் கரையை அடைந்தார். அங்கே அப்போது இருந்தவன் ஆரியச் சக்கரவர்த்தி. முத்துக் குளிப்புக்கு உரியவனாகிய அவ்வரசன் பாரசீக மொழி அறிந்தவன். விருந்தாளியை மூன்று நாள் வைத்து உபசரித்து, நாணாமல் வேண்டியதைக் கேள் என்கிறான். வந்தவர் பொன்னும் மணியும் கேட்கவில்லை. மலையுச்சியில் உள்ள ஆதத்தின் பாதத்தைக் காணவேண்டும் என்கிறார். நாம் சிவனொளிபாதமலை என்று வணங்குகின்ற அதே மலைதான். "அது எளிது, துணைக்கு ஆள் அனுப்புகிறேன்" என்கிறான் அரசன்.

அவன் அனுப்பிய துணையைக் கேளுங்கள். விருந்தாளிக்கு ஒரு பல்லக்கும் அதைச் சுமப்போரும், ஆண்டுதோறும் அந்தப் பாதத்தைத் தரிசிக்கப் போய் வருகின்ற நான்கு யோகிகள், மூன்று பிராமணர், அரசனுடைய பரிவாரத்தில் பத்துப் பேர், உணவுப் பொருள் சுமக்கப் பதினைந்து பேர். பல்லக்குக்காரரை விட்டுவிட்டு எண்ணினாலும் 32 பேர் ஆகிறார்கள். ஒரு பஸ் வண்டிக்குச் சரியான கணக்கு!

வந்தவர் முஸ்லிம்; அனுப்பியவன் சைவன்; வழிகாட்டியவர் யோகிகள்; வழியில் இருந்த ஊர்களோ பிற மன்னர்க்கு உரியன. மூங்கில் மிதவையில் ஆற்றைக் கடக்கிறார்கள். அரசனுடைய எல்லையில் இருந்த ஊரிலே காட்டெருமைக் கன்றும் சோறும் நெய்யும் மீனும் பாலுமாக விருந்து கிடைக்கிறது. பின்னர் காடு. தண்ணீர்க் கரைகளிலே புல்லிலும் மரத்திலும் இருந்து பாய்கின்ற அட்டைகளைக் குறித்து இப்னு பதூதா விரிவாகவே எழுதுகிறார். கூட வருவோர் எலுமிச்சம்பழத்தை ஆயத்தமாக வைத்திருந்து, அட்டை கடித்த இடத்திற் பிழிவார்களாம். அது விழுந்ததும் மரக்கத்தியால் அந்த இடத்தைச் சுரண்டுவார்களாம். யானைகள் ஏன் யாத்திரிகரைத் துன்புறுத்துவதில்லை என்பதற்கு ஒரு கதையும் சொல்கிறார். முன்னொரு காலத்தில் ஷெய்க் ஒருவர் தம் சீடரோடு இவ்வழியே போனாராம். பசி பொறுக்காத சீடர்கள், குரு தடுத்தும் கேளாது, ஒரு யானைக் கன்றைக் கொன்று தின்றனர். இரவில் யானைகள் வந்து ஒவ்வொருவராக முகர்ந்து பார்த்து, தின்றவரையெல்லாம் கொன்று, தின்னாத குருவை மட்டும் முதுகில் ஏற்றி ஊரின் அருகே கொண்டுபோய் விட்டனவாம். கதையின் உண்மை எப்படியாயினும் ஆகட்டும்; காட்டுவழி போவோர்க்கு அதைவிடத் தெளிவாக ஒழுக்கம் கற்பிக்க முடியாது.

மலையுச்சியிலே சங்கிலிகளைப் பற்றி ஏறிப் பாதத்தைக் கண்டு, திரும்பும் வழியிலே தெவிநுவரையின் பெருங்கோயிலையும், காலியையும், கொழும்பையும் பார்த்துக்கொண்டு அவர் புத்தளம் மீண்டார். அவரைக் கொண்டு வந்த கப்பல் அதுவரையும் அங்கே நின்றது. புறப்படும் முன்னரே மாலுமி சொல்லியிருந்தான்: உங்களுக்காக ஓர் ஆண்டு நிற்க நேரிட்டாலும் நீங்கள் வரும்வரை பாய் விரிக்க மாட்டேன் என்று. இந்த ஒரு வாக்கியத்தை நான் வகுப்பிற் பல ஆண்டுகளாகச் சொல்லி வந்திருக்கிறேன். அதன் அருமையை உணர்ந்தது பொலநறுவையில், எங்கள் வண்டியின் ஹோர்ன் சத்தத்தைக் கேட்டபோதுதான்.

எங்கள் வழிகாட்டி முப்பது வயதுக்கு உட்பட்ட இளைஞர். தமிழைப் பிற்காலத்திற் கற்றவர். ஆயினும் தெளிவாகப் பேசினார். கையில் ஒலிவாங்கி, சட்டைப் பையில் மடித்த காகிதம். அக்காகிதத்தில் ஒவ்வோர் இடத்திற்கும் எதிரே நிமிடக் கணக்கு. வவுனியா தாண்டியதும், "அன்பான பயணிகளே, நாம் நேரத்தோடு போனால்தான் எல்லாவற்றையும் பார்க்கலாம்" என்று முதல் அறிவித்தலைச் செய்தார். எல்லாவற்றையும்! அந்தச் சொல்லைக் கேட்டதும் எனக்கு எதிர் ஆசனத்தில் இருந்த ஆச்சி, "எல்லாத்தையும் பாக்க எனக்குக் கண் ரெண்டும் ஒளி மங்கிப்போச்சு, தம்பி. ஒண்டு ரெண்டைக் காட்டினாப் போதும்" என்றார்.

இந்த ஆச்சி எங்கள் ஊரவர்; எண்பதை நெருங்குகிறவர். 1990 இல் தீவுகளினின்றும் இடம்பெயர்ந்து, பல ஊர்களில் இருந்து, பின்னர் சொந்தக் காணிக்குத் திரும்பியவர். அவரோடு வந்த பேத்தி என்னிடம் உயர்தர வகுப்பில் வரலாறு கற்பவள். அந்தப் பிள்ளை கொப்பியும் பேனையுமாக வண்டியின் முன்வரிசையிலேயே இடம் பிடித்திருந்தது.

அநுராதபுரத்திற்கு இரண்டு மணி நேரம் ஒதுக்கப்பட்டிருந்தது. ஆயிரத்து முந்நூறு ஆண்டுகளுக்கு மேலாகத் தலைநகராயிருந்த ஓர் ஊருக்கு! சீ மகா போதியின் வெள்ளரச மரத்தையும், துட்டகைமுனு எடுப்பித்த ருவன்வெலி மகாசேயாவையும் கண்டோம். அந்தத் துட்டகைமுனு, தான் போரில் வென்ற எல்லாளனுக்குச் சமாதி எழுப்பி, அவ்விடத்தைக் கடக்கும்போது வாத்தியம் முழக்கலாகாது என்று விதித்ததை மகாவம்சமே சொல்கிறது. வழிகாட்டி அதனைக் குறிப்பிட்டார், நன்றாகவே குறிப்பிட்டார். அபயகிரியை வண்டியிலிருந்தே காட்டினார். எனக்கோ அங்கே இறங்கிச் சிறிது நிற்க வேண்டும் போலிருந்தது. சீனத்துப் பிக்கு பாகியன் ஐந்தாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அங்கே இருந்தார். அவரோடு புறப்பட்ட தோழருட் சிலர் வழியில் இறந்தனர். சிலர் இந்தியாவிலேயே தங்கி விட்டனர். தனியராக வந்து சேர்ந்தவர், ஒருநாள் அபயகிரியிற் புத்தர் சிலைக்கு வணிகன் ஒருவன் சீனத்து வெண்பட்டு விசிறியைக் காணிக்கை வைத்ததைக் கண்டு, தம்மை அறியாமலே கண்ணீர் விட்டதாக எழுதியுள்ளார். வீட்டை விட்டுப் பல்லாண்டு பிரிந்திருந்தவர் அந்த விசிறியைப் பார்த்து அழுததற்கு யாரும் விளக்கம் சொல்ல வேண்டியதில்லை. எங்கள் வண்டியிலேயே, கனடாவிலும் பிரான்சிலும் பிள்ளைகள் இருக்கும் பெற்றோர் பத்துப் பேராவது இருந்தனர்.

சிகிரியாவைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. இளைஞர் ஏறினர், ஆச்சியும் நானும் கீழே மரநிழலில் இருந்தோம். என் முழங்கால் நிமிடக் கணக்குக்கு உடன்படவில்லை. மேலே உள்ள கண்ணாடிச் சுவரில், எட்டாம் நூற்றாண்டு முதற் பத்தாம் நூற்றாண்டு வரையில் அங்கே வந்து போனவர்கள் கீறி வைத்த கவிதைகளுள் 685 ஐப் பேராசிரியர் செனரத் பரணவிதான படித்து 1956 இல் நூலாக வெளியிட்டார். சித்திரத்துப் பெண்கள் ஒரு வார்த்தையும் பேசவில்லையே என்பது அக்கவிஞர் பலரது முறைப்பாடு. அன்றைய உல்லாசப் பிரயாணிகளுக்குக் கவிதை எழுத நேரம் இருந்திருக்கிறது.

மரநிழலில் இருந்தபோது ஆச்சி தம் தந்தையார் கதிர்காமத்துக்கு நடந்து போன கதையைச் சொன்னார். சந்நிதி முருகனிடமிருந்து புறப்பட்டு, கிழக்குக் கரை முழுவதும் நடந்து, உகந்தை மலை முருகனை வணங்கி, குமணக் காட்டுக்குள் இறங்கி, யால வனத்தின் ஊடாகக் கதிர்காமம் சேருவது அந்தப் பாதயாத்திரை. ஆளை ஆள் 'சாமி' என்றுதான் அழைப்பார்களாம். வேல் தாங்கிய மூத்த சாமிக்கு முன்னே ஒருவரும் காலெடுத்து வைக்கமாட்டார்களாம். "அந்தச் சாமி எப்பிடி நடப்பார் தெரியுமோ? ஆகக் கடைசியிலை வாற கிழவி எவ்வளவு கெதியா நடப்பாளோ, அவ்வளவு கெதிதான் அவர் நடப்பாராம்" என்றார் ஆச்சி. பிறகு வெற்றிலையை மென்றுகொண்டு மலையைப் பார்த்தபடி இருந்தார்.

எங்கள் வழிகாட்டிக்கு நான் அநியாயம் செய்யலாகாது. அன்று மாலை மின்னேரியாக் காட்டுப் பாதையிலே, பொழுது படும் நேரம், ஒற்றை யானை ஒன்று வீதியின் நடுவே வந்து நின்றது. வண்டிக்குள் கூச்சல். ஆண்கள் கைத்தொலைபேசியை நீட்டிக்கொண்டு யன்னலருகே எழுந்தனர். அந்த இளைஞர் ஒலிவாங்கியைக் கீழே வைத்துவிட்டு, மிகத் தாழ்ந்த குரலில், "ஒருவரும் அசைய வேண்டாம்; வெளிச்சம் போட வேண்டாம்" என்றார். சாரதி வண்டியைச் சற்றுப் பின்னே எடுத்து நிறுத்தினார். அந்த இளைஞர் காகிதத்தைப் பார்க்கவில்லை, மணிக்கூட்டைப் பார்க்கவில்லை. இருபத்தைந்து நிமிடம் நாங்கள் இருட்டில் மூச்சடக்கி இருந்தோம். யானை காதை அசைத்து, ஒரு கொப்பை முறித்து மென்று, வந்த வழியே காட்டுக்குள் இறங்கிற்று. பின்னர் அவர் சொன்னார்: "அது எங்கள் றோட்டில் வரவில்லை, அம்மா. நாங்கள்தான் அதன் றோட்டில் வந்தோம்." காடு வற்றுகின்ற மாதங்களில் குளத்தின் படுகைப் புல்லுக்காக யானைகள் மின்னேரியாவிலே கூடுவதையும், வீதியும் தண்டவாளமும் அவற்றின் பழைய தடங்களை அறுப்பதையும் அன்றிரவு அவர் சொல்லியபோது வண்டியில் ஒருவரும் உறங்கவில்லை. தாம் அறிந்த பொருளைச் சொல்கிற மனிதருக்கு ஒலிவாங்கி தேவையில்லை என்பதைக் கண்டேன்.

மறுநாட் காலை பொலநறுவை. தூண்களும் படிகளும் நிறைந்த அந்தச் சதுர முற்றத்தில் வட்டதாகேயையும், நிசங்கமல்லன் பொறிப்பித்த கல் ஏடாகிய கல்பொத்தவையும் காட்டி, வழிகாட்டி தாம் படித்ததை ஒப்புவித்தார். முற்றத்திலே தென்னிலங்கை யாத்திரிகர் திரளாக நின்றனர். நாங்கள் அங்கிருந்து நகரும்போது என் மாணவி ஒரு கல்லின் முன்னே நின்று விட்டாள். "சேர், இதிலை எங்கடை எழுத்து இருக்குது!" என்றாள். சற்று உரக்கவே சொன்னாள். பலர் திரும்பிப் பார்த்தனர். வழிகாட்டி மணிக்கூட்டைப் பார்த்து, "அது ஒரு பழைய கல்வெட்டு, தங்கச்சி. வாருங்கள்; இன்னும் கல்விகாரை இருக்கிறது" என்றார்.

பிள்ளை என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

அது என்ன கல் என்பது எனக்குத் தெரியும். வேளைக்காரர் சாசனம் என்று பெயர் பெற்றது. பன்னிரண்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தைச் சேர்ந்தது. சோழரை வென்று பொலநறுவையைக் கைப்பற்றிய முதலாம் விஜயபாகு, புத்தரின் தந்ததாதுவுக்கு அங்கே ஓர் ஆலயம் எடுப்பித்தான். அந்த ஆலயத்தைக் காக்கும் பொறுப்பைத் தமிழ் வேளைக்காரப் படையினர் ஏற்றுக்கொண்டு, உயிருள்ளவரையும் காப்போம் என்று தங்கள் மொழியிலே பொறித்து வைத்த உறுதிப் பத்திரம் அது. சிங்கள மக்களுக்கு உயிரினும் அரிய பொருளுக்குத் தமிழிலே காவல் எழுதப்பட்டிருக்கிறது. இதைவிட வாய்ப்பான இடமும் வேளையும் ஓர் ஆசிரியனுக்குக் கிடைக்குமா? நானோ பேசவில்லை. "பிறகு சொல்கிறேன், பிள்ளை" என்று சொல்லி நடந்தேன்.

ஏன் பேசவில்லை என்று பல நாள் என்னையே கேட்டிருக்கிறேன். நேரமில்லை என்பது ஒரு சாக்கு. வழிகாட்டியின் தொழிலில் தலையிடலாகாது என்பது இன்னொன்று. உண்மையைச் சொன்னால், அந்தக் கூட்டத்தின் நடுவே நின்று உரத்த தமிழில் 'தமிழர்', 'படை' என்ற சொற்களைச் சொல்ல நா எழவில்லை. தாழ்ந்த குரலிற் பேசிப் பழகிப்போன தலைமுறை எங்களுடையது. அந்தப் பிள்ளைக்கோ அந்தப் பழக்கம் இல்லை. நான் அதை அன்று அவளுக்குக் கற்பித்து விட்டேனோ என்பதுதான் என் மனத்தை அரித்தது.

அன்று நடந்த இன்னொன்றும் உண்டு. இரண்டாம் சிவாலயம் என்று தொல்பொருளாளர் இலக்கமிட்டிருக்கும் வானவன்மாதேவி ஈஸ்வரம் அங்கே இருக்கிறது. இராஜேந்திர சோழனின் தாய் பெயரால் அமைந்தது. முழுவதும் கல்லால் ஆனது. பொலநறுவையில் இன்று நிற்கும் கட்டடங்களுள் மிகப் பழையது. சுவரிலே சோழர் காலத்துத் தமிழ்ச் சாசனங்கள் உள்ளன. காகிதத்தில் அது இல்லை. வண்டியிலிருந்த பெண்கள் கேட்டமையாற் பத்து நிமிடம் கிடைத்தது. ஆச்சி உள்ளே போய், இலிங்கத்தின் முன் விளக்கேற்றிக் கும்பிட்டுக்கொண்டு நின்றார். ஹோர்ன் ஒருமுறை ஒலித்தது. ஆச்சி அசையவில்லை. மீண்டும் ஒலித்தது. அவர் விளக்கின் திரியைத் தூண்டிவிட்டு, திரும்பித் திரும்பிப் பார்த்தபடி வந்தார். வண்டியில் ஏறும்போது என்னிடம், "ஆர் கட்டின கோயில், தம்பி?" என்று கேட்டார். தாயின் பெயராலே கட்டியது என்றேன். "அதுதான் உள்ளுக்கை அந்தக் குளிர்" என்றார்.

திருக்கோணமலையும் கோணேசர் கோயிலும் அடுத்த நாள். பதினேழாம் நூற்றாண்டிற் போர்த்துக்கேயர் இடித்துக் கடலில் தள்ளிய அக்கோயிலின் கற்றூண்களை 1956 இல் ஆதர் சி. கிளார்க்கும் மைக் வில்சனும் நீரின் அடியிற் கண்டனர். இந்த இடத்தில் நாங்கள் விரும்பியபடி நின்றோம். அதற்குக் காரணம் பக்தியன்று. வண்டியின் சில்லில் காற்றுப் போய்விட்டது. பிரயாணம் முழுவதிலும் எனக்கு நிறைவாயிருந்த இரண்டு மணி நேரத்தையும் அந்தச் சில்லுக்கே கடன்பட்டிருக்கிறேன்.

ஊர் திரும்பிய அடுத்த ஞாயிறு. வழக்கம்போல் கடற்கரையில் வண்டிகள். ஆச்சியின் வீடு கடற்கரைப் பாதையின் ஓரம். ஏதோ புத்தகம் கொடுக்கப் போனவன் படலையடியில் நின்றேன். வெள்ளை உடுத்த ஒரு சிங்கள மூதாட்டி, பேரப்பிள்ளைகள் இருவரோடு வந்து, கைச்சாடையோடு "வத்துர" என்றார். தண்ணீர் கேட்கிறார் என்பது ஆச்சிக்கு விளங்கிவிட்டது. கிணற்றடிக்கு அழைத்துப் போனார். செம்பை வாங்கிக் குடித்த அந்த அம்மையார் வியப்போடு கடலையும் கிணற்றையும் மாறி மாறிப் பார்த்தார். கூப்பிடு தூரத்தில் உப்புக் கடல். இங்கே இளநீர் போன்ற தண்ணீர்!

விளக்கம் சொன்னவள் என் மாணவி. பள்ளியில் இரண்டாம் மொழியாகக் கற்ற சிங்களத்தை ஒருவாறு கோத்துச் சொன்னாள். சாட்டி மணலிலே இறங்கும் மாரிமழை, அடியிலுள்ள உவர்நீரிலும் பாரம் குறைந்தது ஆகையால், அதன்மேல் வில்லைபோல மிதந்து நிற்கிறது. அளவோடு மொண்டால் இனிக்கும், இயந்திரம் வைத்து மட்டுமிஞ்சி இறைத்தால் கீழிருந்து உப்பு ஏறிவிடும். அயற்றீவுகளுக்கும் இங்கிருந்தே குடிநீர் போகிறது என்றாள். அதற்குள் வண்டியிலிருந்து இன்னும் ஏழெட்டுப் பேர் வந்து சேர்ந்தனர். அவர்களுள் இளைப்பாறிய ஆசிரியர் ஒருவர் இருந்தார். அந்தத் தேவாலயம் யாருடையது என்று கேட்டார். சிந்தாத்திரை மாதா என்றேன். சிந்து என்பது கடலுக்கும் ஒரு பெயர். கடல் யாத்திரை போவோரைக் காக்கும் மாதா. நான் சைவன், ஆனாலும் எங்கள் ஊர்க்காரன் எவனும் அவ்வழியே போகும்போது ஒருமுறை திரும்பிப் பாராமல் போகமாட்டான் என்று என் அரைகுறைச் சிங்களத்திற் சொன்னேன்.

பின்னர், ஒரு வாரமாக நெஞ்சில் இருந்ததைச் சொல்ல வாயெடுத்தேன். பிள்ளை என்னை முந்திக்கொண்டாள்.

"நீங்கள் இன்றைக்குப் போன நயினாதீவில் உங்கள் அரசருடைய கல்வெட்டு ஒன்று உண்டு, தமிழில் இருக்கிறது" என்றாள். அவர்கள் நம்பாததுபோற் பார்த்தனர். அவள் நிறுத்தவில்லை. நாகபூஷணி அம்மன் கோயிலிற் காணப்பட்ட அந்தக் கல், பொலநறுவையை ஆண்ட முதலாம் பராக்கிரமபாகுவினுடையது. பேராசிரியர் கா. இந்திரபாலா அதனை ஆராய்ந்து 1963 இல் வெளியிட்டார். பிறநாட்டிலிருந்து வருவோர் ஊராத்துறையில் வந்து இறங்கவேண்டும், அவர்கள் காக்கப்படவேண்டும் என்பது அதிலுள்ள கட்டளை. ஊராத்துறை என்பது எங்கள் தீவிலேயே இருக்கிற ஊர்காவற்றுறை. அரசனுக்கு யானையும் குதிரையும் கொண்டுவரும் கப்பல் உடைந்தால், காற்பங்கு பண்டாரத்துக்கும் முக்காற்பங்கு உடையவனுக்கும். வாணிபச் சரக்குக் கப்பல் உடைந்தால் பாதிக்குப் பாதி. கடலில் உடைந்ததெல்லாம் கரைக்காரனுக்கே என்று வழக்கு இருந்த காலத்தில், உடைந்த கப்பலுக்கும் உடையவன் உண்டு என்று கல்லில் எழுதினான் அந்த அரசன். வருகிறவர்களும் கரையில் உள்ளவர்களும் வாசிக்கவேண்டும் என்பதற்காகத் தமிழில் எழுதினான்.

'காக்கப்படவேண்டும்' என்ற இடத்திற்குச் சிங்களச் சொல் வராமல் அவள் தடுமாறினாள். இளைப்பாறிய ஆசிரியர் எடுத்துக் கொடுத்தார்: "ஆரக்ஷா." அட, அந்தக் கல்லிலும் ரக்ஷை என்ற சொல்லே இருக்கிறது என்று நான் குறுக்கிட்டேன். அவர் சிரித்தார். பிறகு தம் கூட்டத்தாரிடம், நயினாதீவில் எவரும் நமக்கு அதைச் சொல்லவில்லையே என்றார். பொலநறுவையிலும் ஒரு தமிழ்க் கல் இருக்கிறது, அது தந்ததாதுவைப் பற்றியது, என்று நான் தொடங்கினேன். இம்முறை குரலைத் தாழ்த்தவில்லை. அவர்களுடைய வழிகாட்டி, எங்கள் இளைஞரைப் போலவே ஒரு காகிதத்தோடு படலையடியில் வந்து நின்றவர், அந்தக் காகிதத்தின் பின்புறத்தில் ஏதோ குறித்துக்கொண்டார்.

கடற்கரையிலிருந்து ஹோர்ன் ஒலித்தது. வெள்ளை உடுத்த அம்மையார் பதற்றத்தோடு செம்பை நீட்டினார்.

"ஊதட்டும்," என்றார் ஆச்சி. "பிள்ளை, அந்தச் சின்னப் பெடியன் இன்னும் குடிக்கேல்லை. இன்னொரு செம்பு மொண்டு குடு."